நெப்போலியன் கட்டுரையை எழுதியது யார்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் மாதம் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் பிட்ஸ்பர்க் அழைத்துப் போகிறோம் என்று அறிவித்ததும் முதலில் வந்த கேள்வி, கோயிலுக்கும் போவோமா என்பதுதான். போவோம். அவ்வளவு தூரம் போய்விட்டுப் பென் ஹில்ஸ் பெருமாளைப் பார்க்காமல் வந்தால் வீட்டில் தாத்தா பாட்டி சும்மா விடுவார்களா? ஆனால் நாம் போவது அதற்காக இல்லை. ஆகஸ்ட் வில்சன் என்ற நாடகாசிரியர் பிறந்து வளர்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறோம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் ஒரு அமெரிக்க நாடகாசிரியருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்டது சரிதான். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், ஆற அமரப் படியுங்கள்.

இவருடைய 'ஃபென்சஸ்' நாடகத்தை இங்குள்ள பல ஹைஸ்கூல்களில் ஆங்கிலப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள், உங்கள் வீட்டிலேயே ஒரு பிரதி கிடக்கலாம். 1945-இல் பிறந்தவர். அப்பா ஜெர்மானியர், ரொட்டி சுடும் தொழிலாளி, வீட்டில் தங்கியது குறைவு. அம்மா டெய்சி வில்சன், கறுப்பினப் பெண், வீடுகளைச் சுத்தம் செய்து ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். பெட்ஃபோர்ட் அவென்யூவில் ஒரு மளிகைக் கடையை ஒட்டிய சின்ன வீடு.

அந்தம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரேடியோவில் ஒரு போட்டி, ஒரு உப்புக் கம்பெனியின் விளம்பர வாசகத்தைச் சொன்னால் புது வாஷிங் மெஷின் பரிசு. இவருக்குப் பதில் தெரியும், சொல்லி ஜெயித்தும்விட்டார். ஜெயித்தவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும், புதுசு இல்லை, பழைய மெஷின் ஒன்று தருகிறோம் என்றார்கள். ஆறு பிள்ளைகளின் துணியைக் கையால் துவைக்கிற பெண், எதுவோ கிடைத்தால் போதும் என்று வாங்கியிருக்கலாம், பக்கத்தில் இருந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டுத் தொடர்ந்து கையாலேயே துவைத்தார். இதைப் பார்த்து வளர்ந்த பையன் எப்படி இருப்பான்?

நாலு வயதில் படிக்கக் கற்றுக்கொண்ட பையன் அவன். இனவெறியால் ஒரு பள்ளியை விட்டான், அடுத்த பள்ளியில் பாடம் சப்பென்று இருந்ததால் அதையும் விட்டான், மூன்றாவதாகச் சேர்ந்த இடத்தில் நெப்போலியனைப் பற்றி 20 பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்தான். வயது 15. ஆசிரியருக்குச் சந்தேகம், இவ்வளவு நன்றாக இவன் எழுதியிருக்க முடியாது, அக்காக்களில் யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று. தாளின் மேல் உயர்ந்த மதிப்பெண்ணையும் ஃபெயில் மதிப்பெண்ணையும் இரண்டையுமே எழுதி வைத்துக்கொண்டு, நீதான் எழுதினாய் என்று நிரூபி என்றார். மற்றவர்கள் எல்லோரையும் இதேபோல நிரூபிக்கச் சொல்லுங்கள், கலைக்களஞ்சியத்தைப் பார்த்து வரிக்கு வரி காப்பியடித்தவர்களையும் சேர்த்து, அப்புறம் நானும் நிரூபிக்கிறேன் என்றான் பையன். ஆசிரியர் ஃபெயில் மதிப்பெண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். அவன் கட்டுரையைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியே நடந்தான்.

மறுநாள் காலையில் நடந்ததுதான் தலைமையாசிரியர் வேலையில் இருக்கும் என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பையன் வீட்டில் படுத்துக் கிடக்கவில்லை, ஊர் சுற்றப் போகவுமில்லை. பள்ளிக்குத்தான் வந்தான். வகுப்புக்குள் போகாமல், தலைமையாசிரியர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே பந்தைத் தட்டிக்கொண்டு கூடைப்பந்து ஆடினான். ஏன் தம்பி வகுப்புக்குப் போகவில்லை என்று அவர் வந்து கேட்பார், கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று பையன் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறான், வில்சனே பின்னாளில் சொன்னது இது. தலைமையாசிரியர் வரவே இல்லை. அதோடு படிப்பு முடிந்தது.

அம்மாவிடம் சொல்லப் பயம். பள்ளிக்குப் போகிற மாதிரி கிளம்பி கார்னகி நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்கள் ஒரு தனி அலமாரியில் இருந்தன, ரால்ஃப் எலிசன், ரிச்சர்ட் ரைட், லாங்ஸ்டன் ஹியூஸ் எல்லாம் அங்கேதான் கிடைத்தார்கள். பல வருஷம் கழித்து அந்த நூலகமே அவருக்கு ஹைஸ்கூல் டிப்ளமா கொடுத்தது. நூலகம் அப்படி டிப்ளமா கொடுத்தது தனக்கு மட்டும்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

(1965-இல் முதல் டைப்ரைட்டர் வாங்கினார், 20 டாலர். அந்தக் காசு எப்படி வந்தது தெரியுமா? அக்காவுக்குக் கல்லூரிக் கட்டுரை ஒன்றை இவர் எழுதிக் கொடுத்தார், அதற்குக் கூலி. ஒரு தலைமையாசிரியர் இதையெல்லாம் எழுதக்கூடாதுதான், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.)

அந்த வருஷம்தான் பழைய இசைத்தட்டு ஒன்றில் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் குரலைக் கேட்டு, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார். அப்பா இறந்த பிறகு அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் வில்சன் ஆனார். 1968-இல் ராப் பென்னி என்ற நண்பரோடு சேர்ந்து ஹில் டிஸ்ட்ரிக்டில் ஒரு நாடகக் குழு தொடங்கினார். ஆனால் அவருக்கே வசனம் எழுத வரவில்லை. தெருவில், சுருட்டுக் கடையில், சலூனில் கிழவர்கள் பேசுவதை நாள்கணக்காக நின்று கேட்டவர், தாளில் எழுதும்போது மட்டும் அந்தப் பேச்சு மட்டம் என்று நினைத்து வேறு மாதிரி, இலக்கியத்தனமாக எழுதப் பார்த்தார். பாத்திரங்களை எப்படிப் பேச வைப்பது என்று பென்னியிடம் கேட்டபோது அவர் சொன்னது: நீ பேச வைக்க வேண்டாம், அவர்கள் பேசுவதைக் கேள்.

அது உறைக்கப் பத்து வருஷம் ஆனது. 1978-இல் மினசோட்டாவில் உள்ள செயின்ட் பால் நகருக்குக் குடிபோனார், அங்கே அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சின்னச் சின்ன நாடகம் எழுதிக் கொடுக்கும் வேலை. சுற்றிலும் வேறு பேச்சு. ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்த பிறகுதான் ஹில் டிஸ்ட்ரிக்ட் பேச்சு காதில் தெளிவாக ஒலிக்க ஆரம்பித்தது என்றார். ஊரை விட்டு வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ஜிட்னி' நாடகம் அப்போது எழுதியதுதான், லைசென்ஸ் இல்லாமல் ஓடும் டாக்ஸிக்காரர்களின் கதை.

புது நாடகங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தெடுக்கும் யூஜின் ஓநீல் நாடக மையத்துக்கு வில்சன் அனுப்பியவை அடுத்தடுத்துத் திரும்பி வந்தன. 1982-இல் 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' தேர்வானது. அங்கே இருந்த லாயிட் ரிச்சர்ட்ஸ் அதை இயக்கினார், 1984-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்தது. 1987-இல் 'ஃபென்சஸ்' நாடகத்துக்கும் 1990-இல் 'தி பியானோ லெசன்' நாடகத்துக்கும் புலிட்சர் பரிசு. இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு நாடகம் என மொத்தம் பத்து, அதில் ஒன்பது ஹில் டிஸ்ட்ரிக்டில் நடப்பவை. கடைசி நாடகம் அரங்கேறிய 2005-லேயே, அக்டோபர் 2 அன்று, கல்லீரல் புற்றுநோயால் காலமானார், வயது 60. அந்த மாதமே பிராட்வேயில் ஒரு அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

'ஃபென்சஸ்' பற்றிப் பெற்றோர்களான உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. டிராய் மாக்ஸன் குப்பை அள்ளும் தொழிலாளி. இளமையில் நல்ல பேஸ்பால் வீரர், நிறத்தால் பெரிய லீக்கில் இடம் கிடைக்காமல் போனவர். மகனுக்கு ஃபுட்பால் மூலம் கல்லூரியில் இடம் கிடைக்கிற நேரத்தில் குறுக்கே நிற்கிறார். விளையாட்டு சோறு போடாது, வேலையைப் பார் என்கிறார். உங்களுக்கு என்னை ஏன் பிடிக்கவே இல்லை என்று மகன் கேட்கிறான். சாப்பாடு போடுகிறேன், தலைக்கு மேல் கூரை இருக்கிறது, உன்னைப் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று எகிறுகிறார் அப்பா. இந்த அப்பாவைக் கெட்டவர் என்று ஒதுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. பிள்ளைகள் படிப்பது இருக்கட்டும், நீங்கள் படியுங்கள். இல்லாவிட்டால் டென்சல் வாஷிங்டன் எடுத்த 2016 படத்தையாவது பாருங்கள், அதில் அம்மாவாக நடித்ததற்குத்தான் வயோலா டேவிஸுக்கு ஆஸ்கர்.

சரி, இதெல்லாம் இப்போது எதற்கு? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு ஓடுகிறது. கட்டுரைப் போட்டிக்கு வந்தவற்றில் பாதி ஏஐ எழுதியது, மீதி அம்மாக்கள் எழுதியது என்று. சிலது அப்படியும் இருக்கலாம், எனக்கென்ன ஞான திருஷ்டியா. ஆனால் எந்தப் பிள்ளையையும் வகுப்பின் நடுவில் நிறுத்தி நிரூபி என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை, ஆசிரியர்கள் எல்லோரும் பேசி எடுத்த முடிவு இது. சந்தேகம் வந்தால் ஆசிரியர் அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து கட்டுரையைப் பற்றிப் பேசுவார். இந்த உதாரணம் எங்கே கிடைத்தது, இந்தச் சொல்லை யார் சொல்லிக் கேட்டாய் என்று. காப்பியடித்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும், அதையும் அந்த அறைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம். குழுவில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டு எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

பிட்ஸ்பர்க் போவதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கூர்ந்து கேட்டு, அவர்கள் பேசியபடியே இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும். மதுரைப் பேச்சோ, கொங்குப் பேச்சோ, யாழ்ப்பாணப் பேச்சோ, எது வீட்டில் இருக்கிறதோ அது. ஊருக்கு ஃபோன் போட்டுப் பாட்டி பேசுவதை எழுதினாலும் சரி. எழுத்து நடைக்கு மாற்ற வேண்டாம், 'வந்துட்டு', 'போயிட்டு' எல்லாம் அப்படியே இருக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து திருத்திக் கொடுக்காதீர்கள். எழுத்துப் பிழையோடு வரட்டும், இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்