கடைசி நாட்களில் வாயை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடும் நோயில் கிடப்பவரின் வலியையும் அவதியையும் குறைக்கும் பாலியேட்டிவ் கேர் என்னும் நோய்த்தணிப்புச் சிகிச்சை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மருத்துவர், செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் என்று நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டிய எல்லோரையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். பல் மருத்துவர் மட்டும் அதில் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நாங்கள் அங்கே இருப்பதில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறவள் நான். கல்லூரியில் இதைப் பற்றி எங்களிடம் யாரும் பேசியதே கிடையாது.

என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டோம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை. ஒரு கட்டத்தில் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தார். ஒரு வாய் வாங்குவார், முகத்தைச் சுளிப்பார், கையால் தள்ளிவிடுவார். பேச்சும் குறைந்துபோனது. நோய் முற்றுகிறது, இனி இப்படித்தான் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். வீட்டுக்கு வந்துபோகும் செவிலியர் ஒருநாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு, "ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார். மேல் பல்செட்டைக் கழற்றியதும் அண்ணம் செக்கச்செவேலென்று இருந்தது. கன்னத்தின் உட்புறமெல்லாம் திட்டுத்திட்டாக வெள்ளைப் படலம். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது.

பூஞ்சைத் தொற்று. மாணவியாக இருந்தபோது படத்தோடு படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம். இரண்டு வாரமாக அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்த நான் அந்த வாயைத் திறந்து பார்க்கவில்லை. அங்கே மகளாக மட்டும் இருந்துவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால், சாகப்போகிறவரின் வாயில் எனக்கு வேலை இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை.

பூஞ்சைக்கு மருந்து கொடுத்தோம். இரவில் பல்செட்டைக் கழற்றி ஊறவைத்தோம். மணிக்கொரு தரம் நாக்கையும் உதட்டையும் நனைத்தோம். ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. உடம்பு இளைத்து, எச்சிலும் வற்றியதில் பல்செட் பிடிமானம் இல்லாமல் ஆடியது. உள்பக்கம் மெத்தென்ற லைனர் வைத்துக் கொடுத்தேன். தன் அக்கா பார்க்க வந்த அன்று பல்செட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். அரை மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகு பதினோரு நாள்தான் இருந்தார்.

ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, கிடைப்பது சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2014-ல் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானம், இளநிலை மருத்துவக் கல்வியிலும் செவிலியர் கல்வியிலும் இதை வழக்கமான பாடமாகச் சேர்க்கச் சொல்கிறது. பல் மருத்துவக் கல்வி அந்த வரியில் இல்லை.

எங்கள் மாணவர்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை. கதிர்வீச்சுக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகலாம், எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்குப் போடும் சில ஊசிகளாலும் அதே ஆபத்து உண்டு, எச்சில் வற்றினால் சொத்தை வேகமாகப் பரவும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் அதெல்லாம் தேர்வுக்கான எச்சரிக்கைப் பட்டியலாகவே நின்றுவிடுகிறது. இன்னும் சில வாரமே இருக்கப்போகிறவருக்கு ஆடும் பல்லை என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கூர்மையான விளிம்பு நாக்கைக் கிழித்தால் அதை மட்டும் ராவிவிட்டால் போதும். கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நேரம் எது என்பதை யாரும் கற்றுத்தருவதில்லை. பல கல்லூரிகளில் இத்தனை பல் அடைத்தாய், இத்தனை பிடுங்கினாய் என்று கோட்டா கணக்குத்தான். படுக்கையில் கிடப்பவரின் நாக்கை ஈரத்துணியால் துடைத்தால் எந்தக் கோட்டாவிலும் சேராது.

சின்ன விஷயங்களும் நிறைய இருக்கின்றன. எலுமிச்சையும் கிளிசரினும் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைப்பது நல்லது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வாயை மேலும் காயவைக்கும், எனாமலையும் அரிக்கும். பூஞ்சைக்கான நிஸ்டாட்டின் சொட்டு மருந்தையும் வாய் கொப்பளிக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினையும் அடுத்தடுத்து விட்டால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும், நடுவே இடைவெளி வேண்டும். இதைக் குடும்பத்தாரிடம் நிதானமாகச் சொல்ல ஒரு பல் மருத்துவர் வேண்டாமா?

ஒரு மணி நேர விரிவுரை போட்டுக் கடமையை முடித்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். இதை வகுப்பறையில் கற்க முடியாது. "எனக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று நோயாளி கேட்கும்போது வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியையும் பல்லைச் சோதிக்கும் ப்ரோபையும் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரத் தெரிய வேண்டும். அதைப் பார்த்துத்தான் பழக முடியும். பல் மருத்துவப் பேராசிரியர்களும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்: பயிற்சிக் காலத்தில் இரண்டு வாரம் இதற்கு ஒதுக்குங்கள், அதைக் கட்டாயமாக்குங்கள். கற்றுத்தரச் செவிலியர்கள் இருக்கிறார்கள். கையில் ஒரு டார்ச்சும் மென்மையான பிரஷும் கொடுத்து, அவர்களில் ஒருவரோடு மாணவரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்