வாரக் கூலிக்கு எழுதப்போகும் மகளுக்கு

அன்புள்ள கவிதா கண்ணு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பிட்காயின்டாக் என்ற இணைய விவாத மன்றத்தில் பதிவு எழுதினால் வாரா வாரம் பிட்காயினாகவே காசு தருகிறார்களாம், சேரலாமா என்று கேட்டிருந்தாய். பக்கத்தில் இருந்த அம்மா, "இதெல்லாம் ஏமாத்து வேலை" என்று முடித்துவிட்டாள். ரிட்டயர் ஆனவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? உள்ளே போய்ப் படித்துப் பார்த்தேன். ஏமாற்று வேலை இல்லை. ஆனால் பேரைக் கெடுத்துக்கொள்ள நிறைய வழி இருக்கிறது.

உன் ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு கம்பெனியின் விளம்பர வரி தொங்கும். அதைத்தான் சிக்னேச்சர் என்கிறார்கள். வாரக் கடைசியில் ஒரு மேனேஜர் உன் பதிவுகளைப் படித்து, தேறியதை எண்ணிக் காசு போடுவார். எண்ணிக் காசு தந்தால் மனுஷன் என்ன செய்வான்? "நல்ல தகவல், நன்றி", "விலை ஏறும் என்றுதான் நினைக்கிறேன்" என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவான். அந்தக் குப்பை தாங்காமல்தான் 2018 ஜனவரியில் அங்கே மெரிட் என்று ஒரு புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் உன் பதிவைப் படித்துப் பிடித்துப்போய்க் கொடுத்தால்தான் உண்டு. அங்கே படிப்படியாக மேலே ஏற அது வேண்டும்: மெம்பர் ஆக 10, ஃபுல் மெம்பர் ஆக 100, லெஜண்டரி ஆக 1,000. எவ்வளவு காலமாகத் தொடர்ந்து எழுதுகிறாய் என்று பார்க்க ஆக்டிவிட்டி என்று இன்னொரு கணக்கும் உண்டு. நீ ராப்பகலாக எழுதினாலும் இரண்டு வாரத்துக்கு 14-க்கு மேல் ஏறாது. ஆக, அவசரப்பட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. பிட்காயினை உருவாக்கி, அந்த இடத்தையும் தொடங்கிய சதோஷி நகமோட்டோவே அங்கே எழுதியது 600 பதிவுக்கும் குறைவுதான். 2010 டிசம்பரோடு அதையும் நிறுத்திவிட்டார்.

சரி, நீ எதை எழுதுவது? விலை ஏறுமா இறங்குமா என்ற பேச்சுப் பக்கமே போகாதே. அங்கே எல்லோரும் ஜோசியக்காரர்கள். நீ டிப்ளமோ படித்தது எலெக்ட்ரிக்கல். மைனிங், அதாவது மெஷின் ஓட்டிப் பிட்காயின் சம்பாதிக்கும் வேலை பற்றிய பகுதிக்குப் போ. அங்கே வருகிற கேள்விகளில் பாதி நம் வீட்டுச் சமாச்சாரம்: வயர், பிளக், லோடு, சூடு.

உதாரணத்துக்கு, ஒருவர் பழைய எஸ்9 என்ற மைனிங் மெஷினை வாங்கி வீட்டு பிளக்கில் மாட்டலாமா என்று கேட்கிறார் என்று வை. அது சுமார் 1,350 வாட் இழுக்கும். நம் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர். சின்ன பிளக்கின் அளவே 6 ஆம்பியர்தான். அயர்ன் பாக்ஸ் என்றால் பத்து நிமிஷம் போட்டு அணைத்துவிடுவோம்; இது ராத்திரி பகல் நிற்காமல் ஓடும். பிளக் சூடேறி, சாக்கெட் பழுப்பாகி, கடைசியில் உருகும். சர்வீஸில் அப்படி எத்தனை கருகிய சாக்கெட்டைக் கழற்றியிருப்பேன்! 16 ஆம்பியர் பவர் பிளக், தனி வயர், தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), சரியான எர்த்து என்று எழுது. கேட்டவர் அமெரிக்காக்காரர் என்றால் கதை வேறு. அதற்கு வருகிற ஏபிடபிள்யூ3 பவர் சப்ளை 220 வோல்ட்டில் 1,600 வாட் தரும், 110-ல் 1,200 தான் தரும். மெஷினுக்கு அது போதாது. அப்புறம் கரண்ட் செலவையும் சொல்லிவிடு. ஒரு நாளைக்கு 32 யூனிட். நம்மூர் இரண்டு மாதக் கணக்கில் 1,900-ஐத் தாண்டும். இலவச 100 யூனிட் எந்த மூலைக்கு?

இப்படி ஒரு பதில் எழுத அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். அதைப் படித்து ஒருவர் சாக்கெட்டை மாற்றினால் மெரிட் தானாக வரும். குழந்தை தூங்கும் நேரத்தில் நாளைக்கு இரண்டு பதில் எழுதினாலே போதும். கேள்வியையும் அதற்கு முன்னால் வந்த பதில்களையும் முழுதாகப் படி. இன்னொருவர் சரியாகச் சொல்லியிருந்தால் விட்டுவிடு. வேறு இடத்திலிருந்து ஒரு பத்திகூட எடுத்து ஒட்டாதே. கண்டுபிடித்தால் நிரந்தரமாகத் தூக்கிவிடுவார்கள், பல வருஷம் கழித்தும் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் மட்டும் அப்பா கண்டிப்பு. அங்கே நல்ல கூலி தருகிறவர்களில் சூதாட்டக் கம்பெனிகள் நிறைய. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில், காசு வைத்து ஆடும் ஆட்டத்துக்கு விளம்பரம் செய்தாலே 2 வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம். உன் பதிவுக்கு அடியில் தொங்குவதும் விளம்பரம்தான். பிட்காயினை வைத்துக்கொள்ளும் வாலெட், வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஏதாவது ஒரு கம்பெனியின் விளம்பரம் கிடைக்கும்வரை காத்திரு. கிடைக்காவிட்டால் சும்மா எழுது, மெரிட்டாவது சேரும்.

ஒரு நோட்டுப் போட்டு, காசு வந்த தேதி, எவ்வளவு பிட்காயின், அன்றைக்கு ரூபாயில் என்ன மதிப்பு என்று குறித்து வை. அந்த மதிப்பு உன் வருமானம். பின்னால் விற்று லாபம் வந்தால், 2022 ஏப்ரலிலிருந்து அதற்கு 30 சதவீதம் வரி. ஒரு காயினில் போன நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள். மாப்பிள்ளையின் ஆடிட்டரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

வாலெட் உன் பெயரில், உன் போனில் இருக்கட்டும். அதற்குச் சாவி மாதிரி அது தரும் 12 சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வை. போட்டோ எடுக்காதே. யார் கேட்டாலும் சொல்லாதே. பத்திரமாக இருக்கட்டும் என்று எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதே.

அன்புடன்,
அப்பா