ஸ்டாஃப் ரூமில் அடிபடும் பெயர்கள்

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஸ்டாஃப் ரூமில் வழக்கமாக நடப்பதுதான். புது வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை விரிப்பார். போன வருடம் அந்த வகுப்பைப் பார்த்தவர் ஒவ்வொரு பெயராக விரல் வைப்பார்: "இவன் தேறாத கேஸ். இது வாயாடி. இவன் அப்பன் எந்நேரமும் தண்ணியில கிடப்பான், பிள்ளை எப்படி இருக்கும்?" அந்தப் பிள்ளைகள் இன்னும் புது வகுப்பில் உட்காரக்கூட இல்லை.

இதை வெறும் அரட்டை என்று தள்ள முடியாது. 1960களில் அமெரிக்காவில் ஒரு தொடக்கப் பள்ளியில் உளவியலாளர் ராபர்ட் ரோசந்தாலும் தலைமையாசிரியை லெனோர் ஜேக்கப்சனும் ஒரு சோதனை செய்தார்கள். எந்தக் கணக்கும் இல்லாமல் சில பிள்ளைகளைப் பொறுக்கி, 'இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருடக் கடைசியில், முக்கியமாக 1, 2ஆம் வகுப்புகளில், அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகமாக ஏறியிருந்தது. அந்த முடிவுகளைப் பற்றி ஆய்வாளர்களிடையே சர்ச்சை உண்டு, சரி. ஆனால் தேறமாட்டான் என்று நினைத்த பையனிடம் நாம் கேள்வி கேட்பது குறைவு, கேட்டாலும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. இது நமக்கே தெரியும்.

ஒருமுறை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டுக் கட்டோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே அவள் அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. அவளைக் கண்டதும் எல்லோரும் கப்சிப். நோட்டுகளை மேசையில் வைத்தாள், சரிந்ததை நேராக அடுக்கினாள், "வரேன் மிஸ்" என்று போய்விட்டாள். அப்புறம் நோட்டு எடுத்துப்போக யார் வருகிறீர்கள் என்று கேட்டால் அவள் கை தூக்கியதே இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அவளுக்கு நடந்ததை வேறு என்னவென்று சொல்வது?

பிள்ளைகளைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் கேட்கவில்லை. கரும்பலகை தெரியவில்லை, ஒரு காது மந்தம், அப்பா தவறிப்போய்க் கொஞ்ச நாள்தான் ஆகிறது: இதையெல்லாம் அவசியம் சொல்லுங்கள். வீட்டு வம்பும், சாதியைத் தொட்டு வரும் பேச்சும் வேண்டாம். குறை இருந்தால் பெற்றோரை வரவழைத்து நேரில் பேசுங்கள்.

தலைமையாசிரியர்களே, வரும் ஜூனில் முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே இதை எடுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தால் எதைச் சொல்வோமோ, அதை மட்டும் அடுத்த வகுப்பாசிரியரிடம் சொல்வது என்று முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை