‘அனைவருக்கும்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாய மானியங்கள் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், "விவசாயிகள் அனைவருக்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் ஏறுகிறது" என்று ஒரு வரி இருந்தது. இருபது வருடமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்த ‘அனைவருக்கும்’ என்ற சொல்லை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?

மன்னார்குடி பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். அப்பா காலத்திலிருந்தே இதே நிலம்தான். உழவு, நாற்று, நடவு ஆள் கூலி, உரம் எல்லாம் என் செலவு. நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். 2019 முதல் நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய் அவர் கணக்குக்குத்தான் போகிறது. பட்டா அவர் பெயரில் இருக்கிறது, இந்தப் பணத்தைத் தரும் மத்திய அரசின் பி.எம்.கிசான் திட்டமும் பட்டாவைத்தான் கேட்கிறது. முதலில் ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்றார்கள். அதே வருடம் அந்த வரம்பையும் எடுத்துவிட்டதில் ஐம்பது ஏக்கர்காரரும் உள்ளே வந்துவிட்டார். குத்தகைக்காரன் மட்டும் இன்னும் வெளியில் நிற்கிறான். கோயில், மடத்து நிலங்களில் பயிர் செய்கிறவர்களுக்கும் இதே நிலைதான்.

சரி, ஆறாயிரம் போகட்டும். 2024 கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் என்னைத்தான் வயலில் இறங்கச் சொன்னார்கள். முழங்கால் சேற்றில் நின்று ஒரு பிடி பயிரைப் பிடுங்கிக் காட்டினேன். வேர் கறுத்து, தூர் அழுகி, கையோடு வழுவழுவென்று வந்தது. போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோவில் இருப்பது நான், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் இருந்ததோ நிலத்துக்காரர் பெயர். நிவாரணம் அவர் கணக்கில் ஏறியது. இரண்டு நாள் தயங்கிவிட்டு போன் செய்து கேட்டேன். பாதியை அனுப்பிவைத்தார். அழிந்தது என் பயிர், ஆனால் நான் இன்னொருவரிடம் கை நீட்ட வேண்டியிருந்தது.

2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று தாங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். சங்கத்தில் கடன் வாங்க, நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். எனக்கு ஏது? அந்த வருடம் என் வீட்டுக்காரியின் தோடும் வளையலும் அடகுக் கடையில் இருந்தன. வட்டியும் முதலும் கட்டித்தான் மீட்டேன். எந்த அரசாங்கமும் அதைத் தள்ளுபடி செய்யவில்லை.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்துவிட்டது. தங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு முறை நிலத்துக்காரரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அப்படியென்றால் அடுத்த வருடம் தரிசாகவே போட்டுவிடுகிறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பதிந்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. நிலமே போய்விடும் என்ற பயம் எனக்கும். இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தால் யார் பெயர் எப்படி ஏறும்? அரசாங்கம் அல்லவா நடுவில் வர வேண்டும்! ஆந்திராவில் 2019இல் நிலமில்லாத குத்தகைக்காரர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினருக்கும் ஆண்டுக்கு 13,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். அங்கே மனசு வந்தது, இங்கே ஏன் வரவில்லை?

தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் ‘பட்டா வைத்திருக்கும் விவசாயிகளுக்கு’ என்று போடுங்கள். அப்புறம், அடங்கலில் சாகுபடி செய்கிறவர் பெயரைச் சேர்க்க யாரிடம், எந்தெந்தத் தாளோடு போக வேண்டும் என்று ஒரு கால் பக்கம் எழுதுங்கள். சம்பா நடவு முடிவதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு குத்தகை விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.