நீ வர வேண்டாம் பாப்பா

நாஷ்வில், மே 2010

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். வெள்ளம் வடிந்து, வீட்டில் கரண்ட் வந்துவிட்டது. கீழ்த்தளத்துக் கம்பளத்தை அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அறுத்தெடுத்து வாசலில் போட்டுவிட்டார்கள். தெரு முழுக்க இரண்டு பக்கமும் குப்பை மேடுதான்: மெத்தை, சோபா, ஈரச் சுவர்ப் பலகை.

நேற்று போனில் நீ சொன்ன ஒரு வார்த்தையால் எனக்குத் தூக்கமே வரவில்லை. "ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்த கதையாகிவிட்டதம்மா என் பிழைப்பு" என்றாய். அப்படிச் சொல்லாதே. நீரோ நாட்டை ஆண்டவன். தீயை அணைக்க வேண்டியது அவன் பொறுப்பு. நீ பிடில் வாசித்து, உழைத்துச் சாப்பிடுகிறவள். மழை கொட்டிய அந்தச் சனி, ஞாயிறு வட கரோலினாவின் வில்க்ஸ்பரோவில் மெர்ல்ஃபெஸ்ட் இசைவிழா மேடையில் உன் குழுவோடு நீ நின்றது உன் வேலை. இங்கே வந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாய்? ஐ-24 நெடுஞ்சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தற்காலிக வகுப்பறை அப்படியே மிதந்து வந்து, மாட்டிக்கொண்ட கார்களுக்கு நடுவே உடைந்ததை டிவியில் பார்த்தோம். காரில் கிளம்பிப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. அந்த இரண்டு நாளும் நீ மலைக்கு அந்தப் பக்கம் இருந்ததற்கு நான் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மோட்டல் டிவியில் நம் ஊரைக் காட்டவே இல்லை என்று கோபப்பட்டாயே, அது எனக்கும் வலிக்கிறது. அதே சனிக்கிழமை நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் காரில் வெடிகுண்டு கண்டுபிடித்தார்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு வேறு. நாஷ்வில்லுக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். இரண்டு நாளில் 13.57 அங்குல மழை. இதற்கு முன் இங்கே இரண்டு நாளில் பெய்த அதிக மழை, 1979இல் ஒரு புயலின்போது, ஏழு அங்குலம்கூட இல்லை. மேகங்கள் ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. முதலில் பொங்கியவை ஓடைகளும் நம் பெல்வியூ பக்கத்து ஹார்பத் ஆறும். கம்பர்லேண்ட் ஆறு உச்சத்துக்குப் போனது மழை விட்ட பிறகு. திங்கட்கிழமை வெயில் அடிக்கிறது, நகருக்குள் ஆறு ஏறிக்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் 51.86 அடி. நாற்பதைத் தாண்டினாலே வெள்ளம் என்பார்கள். குடிநீர் நிலையம் இரண்டில் ஒன்று மூழ்கிவிட்டது. மற்றதைக் கைதிகளும் பொதுமக்களும் சேர்ந்து மணல் மூட்டை அடுக்கிக் காப்பாற்றினார்கள். அவர்கள் புண்ணியத்தில்தான் நமக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. வழக்கமாகச் செலவழிப்பதில் பாதிதான் பிடிக்கச் சொல்கிறார்கள், அப்படியே பிடிக்கிறோம்.

இப்போது உன் கருவிகள். ஆற்றோரக் கிடங்கில் நீங்கள் வைத்திருந்த எல்லாம் நனைந்துவிட்டன. நீர் வடிந்து உள்ளே விட்டதும் அப்பாவோடு போனேன். உன் பழைய பிடிலின் பெட்டியைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. மேல்பலகை விலாவிலிருந்து கழன்றே வந்துவிட்டது. நான் அழுதேன். ஆனால் கருவி பழுதுபார்ப்பவர் அதைக் கையில் வாங்கி, நல்லதுதான் என்றார். பழைய பிடில்களை நம் தச்சர்கள் சொல்லும் வச்சிரம் மாதிரி ஒரு பசையால்தான் ஒட்டுவார்களாம். தண்ணீர் பட்டால் அது இளகிவிடும், மரம் பிளக்காமல் மூட்டு மட்டும் விட்டுக்கொடுக்கும், மறுபடி ஒட்டிவிடலாம் என்றார். ஹேர் டிரையர் காட்டக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, அவசரமாகக் காய்ந்தால்தான் மரம் வெடிக்கும். சேற்றைத் துடைத்து, தந்திகளைத் தளர்த்தி, நிழலில் மெதுவாக உலரவிட்டிருக்கிறோம். பூஞ்சை பிடிக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். பாஞ்சோவின் உலோக வளையம் கழுவியதும் பளிச்சென்று ஆகிவிட்டது. கழுத்து லேசாக வளைந்திருக்கிறது. டபுள் பேஸ்தான் போய்விட்டது. ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. இதை, அதை வாசிக்கிற பையனிடம் நீயே பக்குவமாகச் சொல்லு. அவன் அப்பா அம்மா வீடு ஆன்டியாக்கில், மில் ஓடைக்குப் பக்கத்தில். நம்மைவிட அவர்களுக்கு அடி அதிகம்.

இதற்காகவும்தான் வராதே என்கிறேன். ஒரே மைக்கைச் சுற்றி நீங்கள் ஐந்து பேரும் நிற்பதை எத்தனை மேடையில் பார்த்திருக்கிறேன்! ஒருத்தி விலகினால் மற்ற நாலு பேரின் சம்பளத்திலும் கை வைத்த மாதிரி. இங்கே நிகழ்ச்சிகள் ரத்தாகிக்கொண்டிருக்கின்றன. சிம்பொனி அரங்கின் அடித்தளத்தில் கிராண்ட் பியானோக்களே மூழ்கிவிட்டன. ஊரில் இருக்கும் கலைஞர்களுக்கு வேலை இல்லை. சாலையில் இருக்கிறவர்களுக்குத்தான் இன்றைக்கு வருமானம். சிடி மேசையில் விற்கிற பணம் பெட்ரோலுக்குப் போக மிஞ்சினால், அந்தப் பேஸ் பையன் வீட்டுக்கு அனுப்புங்கள்.

கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி இசை நிகழ்ச்சியைப் பார், அது நிற்கவில்லை. அது நடக்கும் ஓப்ரி ஹவுஸ் மேடை மேல் 46 அங்குலம் தண்ணீர் நின்றது. அதன் பழைய அரங்கான ரைமனின் மேடையிலிருந்து வெட்டியெடுத்துப் பதித்த அந்த மர வட்டமும் அதற்குள்தான் கிடந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை, மே 4, வார் மெமோரியல் அரங்கில் நிகழ்ச்சியை நடத்திவிட்டார்கள். நல்ல வேளை, ரைமனுக்குள் வெள்ளம் வரவில்லை. நீங்கள் வாசிக்கிற புளூகிராஸ் இசையைத் தொடங்கிவைத்த பில் மன்றோவோடு ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 டிசம்பரில் பாஞ்சோவை எடுத்துக்கொண்டு ஏறிய மேடை அல்லவா? அந்தச் செய்தி கேட்டதும் உனக்குச் சொல்லத்தான் முதலில் தோன்றியது.

ஒரு வேலை மட்டும் உடனே செய். நம்மைப்போல் இங்கே நிறையப் பேருக்கு வெள்ளக் காப்பீடு கிடையாது. அரசின் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபீமாவில் அப்பா பதிவு செய்துவிட்டார். இசைக்கலைஞர்களுக்கு மியூசிகேர்ஸ் என்ற அறக்கட்டளை தனியாக உதவுகிறதாம், அதற்கு நீதான் விண்ணப்பிக்க வேண்டும். கிடங்கில் இருந்தவை என்னென்ன, எந்த வருஷம் வாங்கியது, என்ன விலை என்று எழுதி அனுப்பு. மாண்டலினுக்குள் ஒட்டியிருந்த லேபிள் கரைந்துவிட்டது. அதன் எண் உன் பழைய நோட்டில் இருக்கும், தேடிப் பார். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வழியில் எங்காவது கண்டால் ஒன்று வாங்கி வேனில் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் வேன் ஓட்டுகிறவர் தூங்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா