நினைவுப் படங்களைப் பெரிதாக்கித் தரும் கலர் லேப் உரிமையாளர்களுக்கு

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும், அங்கே கணினியில் படங்களைத் திருத்தும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

மறைந்தவரின் படத்தைக் கூடத்தில் மாட்டி மாலையிடுவதற்காக உங்களிடம் வருபவர்களில் பலர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரே ஒரு படத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். 12 மெகாபிக்சல் கேமராவில் 4000 x 3000 பிக்சல்களாகப் பதிவான படம், அந்த வழியில் வரும்போது பெரும்பாலும் 1600 x 1200 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதை 12 x 15 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் கிடைக்கும். மூலப் படம் இருந்தால் 250 கிடைத்திருக்கும். ஆகவே, படம் எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மூலம் கிடைக்காத வீடுகளும் உண்டு. அப்போது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற எண்ணை எட்டியே ஆகவேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அந்த எண் பொருந்தும். சுவரில் உள்ள படத்தை மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் இயல்பான கண்ணுக்கு அங்குலத்துக்குச் சுமார் 95 பிக்சலுக்கு மேல் பிரித்தறிவது கடினம். பிக்சல்களைக் கூட்டாமல் கோப்பில் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று இருப்பதை 300 என்று மாற்றி எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.

என் கவலையெல்லாம் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைப் பற்றியது. படத்தைப் பெரிதாக்க வழக்கமாகப் பயன்படும் பைக்யூபிக் என்ற கணக்கு முறை, சுற்றியுள்ள 16 பிக்சல்களைக் கணக்கிட்டு இடைவெளியை நிரப்புகிறது. படம் சற்று மென்மையாகத் தெரியுமே தவிர, இல்லாத எதுவும் அதில் சேராது. முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருளோ, பிறர் முகங்களிலிருந்து கற்றதை வைத்து இமை மயிரையும் தோலையும் பல்வரிசையையும் தானே வரைகிறது. என் பெரியம்மாவின் படம் அப்படித்தான் திரும்பி வந்தது: கண்கள் பளிச்சென்று இருந்தன, ஆனால் மேலுதட்டின் மச்சமும் நெற்றிச் சுருக்கங்களும் போய், அவர் சாயலில் வேறொருவர் இருந்தார். அந்தப் படத்தை மாட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. வேறு படம் இல்லாத குடும்பத்தில் பேரப்பிள்ளைகள் அந்தப் பொய் முகத்தையே பாட்டி என்று அறிந்து வளர்வார்கள்.

அத்தகைய மென்பொருளே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடையிலும் பின்னணியிலும் அது உதவக்கூடும். முகத்தில் பயன்படுத்தினால் மட்டும், பைக்யூபிக் முறையிலும் அந்த மென்பொருளிலும் பெரிதாக்கிய முகப்பகுதியை இறுதி அளவிலேயே ஒரு 4 x 6 தாளில் அச்சிட்டுக் காட்டி, குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெற்றபின் முழுப் படத்தை அச்சிடுங்கள். கூர்மையாக்கலை, அளவை மாற்றித் தாளையும் முடிவு செய்தபின் கடைசியில் செய்யுங்கள். மை உறிஞ்சும் மேட் தாளுக்கு அது சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். சோதனை அச்சுக்குத் தனிக் கட்டணம் கேட்டாலும், காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் மனமுவந்து கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களுள் ஒருவர்