மெஸ் கமிட்டிக்குப் போன மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன்னை ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். சாம்பாரில் கரப்பான் கிடந்ததற்காகத் தட்டோடு வார்டனிடம் போனீர்களாமே, நல்ல காரியம். ஆனால் கரப்பானோடு நின்றுவிடாதே. கேட்டரிங் அடுப்படியிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், முதலில் சோற்றைப் பார்.

மத்தியானம் மிஞ்சிய சோறு ராத்திரி எலுமிச்சை சாதமாகவோ ஃப்ரைட் ரைஸாகவோ வருகிறதா? வரட்டும். நடுவில் அது எங்கே இருந்தது என்று கேள். அண்டாவிலேயே மூடி வைத்தால் நடுச்சோறு சாயங்காலம் வரை வெதுவெதுவென்றே இருக்கும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு, அதன் வித்து கொதித்தாலும் சாகாது என்று உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் சொன்னார்கள். அந்த வெதுவெதுப்பில் அது பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால், அப்புறம் எவ்வளவு வதக்கினாலும் நஞ்சு போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்திதான். பிள்ளைகள் எண்ணெயைத் திட்டுவார்கள்! சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அகலத் தாம்பாளத்தில் பரப்பி, சீக்கிரம் ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

அப்புறம் சமையல்காரர்கள் கை கழுவும் இடம். பின்பக்கம் போய், அவர்கள் கக்கூஸில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்று நீயே பார். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் பந்திக்கு வருகிற வழிகளில் அது ஒன்று. காமாலை தெரிய ஒரு மாதம்கூட ஆகும் என்பதால் யாருக்கும் மெஸ் மேல் சந்தேகமே வராது. சமைப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்.

ஆனால் மாஸ்டரை அதட்டாதே, 'அண்ணே' என்றே பேசு. வயிற்றுப்போக்கு என்று அவர் லீவு போட்டால் காண்ட்ராக்டர் அன்றைய கூலியைப் பிடித்துக்கொள்வார். பிறகு அவர் எப்படி லீவு போடுவார்? அடக்கிக்கொண்டு கரண்டி பிடிக்கத்தான் வருவார். உடம்பு சரியில்லாத நாளுக்குக் கூலி கொடுங்கள் என்று கூட்டத்தில் கேள். மெனுவில் பன்னீர் கேட்பதெல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று விசாரித்து ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள். ஈரக் கரண்டி போடாதே.

இப்படிக்கு,
அப்பா